பரணில் பதிமூன்று கோடுகள்

அந்தக் காண்ட்ராக்டரை அக்காவுக்குச் சொன்ன புண்ணியவான் நான்தான். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். என் சைக்கிள் கடைக்கு மர அலமாரி அடித்துக் கொடுத்த ஆள். அலமாரி இன்றுவரை ஆடவில்லை. அதை நம்பி, "நல்ல மனுஷன்க்கா, கண்ணை மூடிக்கிட்டு வேலையைக் குடு" என்றேன். அக்கா எதற்கும் கண்ணை மூடுகிறவள் இல்லை. அந்த ஒரு தடவை மூடினாள்.

அக்கா ஜன்னல் திரை தைப்பவள். முப்பது வருடமாக அதுதான் பிழைப்பு. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வருவாள், கீழ் அறையில் மெஷினைப் போட்டுத் தைப்பாள், அவளே எடுத்துப் போய் மாட்டிவிட்டு வருவாள். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். பாதி ஊர் அவளை 'டேப்பக்கா' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார்.

அவளுடைய தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. அடுத்தவர் கொடுக்கிற அளவை வாங்கவே மாட்டாள். "அவங்க சொல்ற அளவுக்குத் தைச்சா, திரை அவங்க வாய்க்குத்தான் பொருந்தும், ஜன்னலுக்குப் பொருந்தாது" என்பாள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளப்பாள். எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை என்பது அவள் கட்சி. இன்னொன்று, ஒரு தடவை அளந்த அளவு அவள் மண்டையை விட்டு இறங்காது. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் விழிப்பாள். பத்து வருடத்துக்கு முன் தைத்துக் கொடுத்த பல் டாக்டர் வீட்டு மாடி ஜன்னல் என்ன அளவு என்று கேளுங்கள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாள்.

அத்தான் நேர் எதிர். பஸ் டிப்போவில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் கட்டைவிரல் மிச்சம் இருக்கும். "காபி", "கரண்ட் போச்சு", "படுக்கறேன்" என்பதோடு அவர் நாள் முடிந்துவிடும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் என் மருமகன். அவனுக்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவளை எல்லாரும் சுண்டு என்று கூப்பிடுவோம். அந்தச் சுண்டுதான் ஏழு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதினேழு வருடம் ஆகிறது. காய்ச்சலுக்கு முந்தின நாள் அண்ணனும் தங்கையும் மழையில் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாரும் நிற்கும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து அக்கா சொன்னாள்: "நீதானேடா அவளை மழையில கூட்டிட்டுப் போனே."

மழைக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் மறுநாள் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். ஆனால் பையனிடம் அதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, சொல்வதற்கான நேரமே கடந்துவிட்டது. எனக்கு அவள்மேல் இருக்கிற ஒரே கோபம் அதுதான். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

மருமகன் பதினெட்டு வயதில் வெளியூருக்குப் படிக்கப் போனான். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். வருடத்துக்கு ஒரு தடவை வருவான். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவான். தோளில் மாட்டிய பையைக் கழற்றவே மாட்டான். "பையை இறக்கி வைடா" என்று அக்கா சொன்னால் "பரவாயில்லம்மா" என்பான். சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவான். பதினொரு வருடமாக இதே கூத்து.

இந்த வருடம் அவனுக்கு எங்கள் ஊருக்கே மாற்றல் வந்தது. மனைவிக்கு ஐந்து மாதம். வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று போனில் சொன்னான். அந்தப் பெண்தான் போனை வாங்கி, "எதுக்கு அத்தை வாடகை, உங்ககூடவே இருந்துக்கறோமே" என்றாள். பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது: "அங்க இடம் ஏது?"

இடம் இல்லைதான். கீழே இரண்டு அறை. ஒன்றில் துணியும் மெஷினும், இன்னொன்றில் கட்டில். மிச்சம் இருந்தது ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் பரண்தான். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பரணை அறையாக மாற்றிவிட்டால் அவன் வந்துதானே ஆகவேண்டும்! அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து நின்றாள். நானும் அந்தக் காண்ட்ராக்டர் நம்பரைக் கொடுத்தேன், பெரிய உபகாரம் செய்பவன்போல.

வேலை நடந்த ஆறு வாரமும் அவள் மேலே ஏறவே இல்லை. சுண்டு போனதிலிருந்து அந்தப் பரணுக்கு அவள் போனதில்லை என்று எனக்குத் தெரியும். சுண்டு விளையாடின இடம் அது. ஆனால் இவ்வளவு அளவு பார்க்கிறவள், தன் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கக் காண்ட்ராக்டர் சொன்ன அளவை அப்படியே வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். காண்ட்ராக்டரின் மேஸ்திரியிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்: "நடுவுல இருக்கற தூணை யாரும் தொட வேண்டாம். வேலை முடிஞ்சதும் பலகை வச்சு மூடிடுங்க."

வியாழக்கிழமை காண்ட்ராக்டர் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை மருமகன் வருவதாக இருந்தது. முதலில் அவன் மட்டும் வந்து பார்த்துவிட்டு, பிறகு மனைவியைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. அக்கா என்னிடம், "நீ மேல போய் ஒரு தடவை பார்த்துட்டு வாடா" என்றாள். போனேன்.

படி ஏறி முடித்ததும் பழக்கத்தில் கை சுவரில் ஸ்விட்சைத் தேடியது. இல்லை. மேலே தடவினேன், பக்கத்தில் தடவினேன். இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்து போட்டேன். விளக்கு எரிந்தது.

வேலை மோசம் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் முதலில் உதைத்தது. பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் நகம் நுழையாது. திருகாணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஆனால் வாஷ்பேசின் என் நெஞ்சுக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் தள்ளி மாட்டியிருந்த கண்ணாடியில் என் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. முகம் பார்க்க முட்டி மடக்க வேண்டியிருந்தது. மடக்கிப் பார்த்தால், என் முகத்துக்குப் பின்னால் அந்த அறை ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது, கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. சட்டென்று நிமிர்ந்துவிட்டேன்.

கடைசியில் இருந்த பெரிய ஜன்னலில் திரைக்கம்பியை ஜன்னலின் பாதி உயரத்தில் அடித்திருந்தார்கள். அக்கா தைத்த நீளத் திரை அங்கிருந்து தொங்கி, மிச்சத் துணி தரையில் குவிந்து கிடந்தது, உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் சத்தம் வந்தது. படி முடிகிற இடத்தில் தரைப்பலகை 'டக்' என்றது. அத்தான் வருகிறார் என்று திரும்பினேன். யாரும் இல்லை. அடுத்த பலகை 'டக்'. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, சின்ன இடைவெளி விட்டு, சத்தம் அறையைச் சுற்றி வந்து கண்ணாடிக்குக் கீழே நின்றது. மணி மூன்றரை. நான் எத்தனை படி தாண்டிக் கீழே இறங்கினேன் என்று தெரியாது. எல்லாப் படியிலும் கால் வைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"யோவ், என்னய்யா வேலை இது? எதுவுமே ஆள் உயரத்துக்கு இல்லையே!"

"சார், டென்ஷன் ஆகாதீங்க. எங்க கார்பென்டர் அளவு பார்க்காம ஒரு ஆணி அடிக்க மாட்டாரு."

"யாரோட அளவு? குள்ள வாத்து அளவா?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும் சார். சனிக்கிழமை காலையில அனுப்பறேன். ஒரு லிஸ்ட் போட்டு வைங்க, என்னென்ன தப்புன்னு."

பலகைச் சத்தத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் சிரிப்பான்.

லிஸ்ட் என்றதும் அக்கா, "என் வேலை அது" என்று எழுந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, பதினேழு வருடம் கழித்துப் பரணுக்கு ஏறினாள். நான் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போனேன். மேல்படியில் கொஞ்சம் நின்றாள். பலகை போட்டு மூடின நடுத்தூணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தொழில்காரியாகிவிட்டாள்.

"எழுதிக்கோ. ஸ்விட்ச் போர்டு, தரையிலேர்ந்து தொண்ணூத்தி நாலு சென்டி."

எழுதினேன். சுவரை ஒட்டி அப்படியே சுற்றி வந்தாள்.

"கதவுத் தாழ்ப்பாள், நூத்தி ஒண்ணு. அது சரியாத்தான் இருக்கு. சின்ன ஜன்னல் அடிப்பலகை, நூத்தி எட்டு."

"உட்கார்ந்தா வானம்கூடத் தெரியாது" என்றேன். அவள் வாஷ்பேசினில் டேப்பை வைத்தாள். பார்த்தாள். மறுபடி எடுத்து மறுபடி வைத்தாள்.

"நூத்திப் பதினாலு" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

கண்ணாடிக்கு வந்தாள். டேப்பை இன்னும் தரையில் வைக்கவில்லை, கையில் சுருண்டுதான் இருந்தது.

"நூத்தி இருபது" என்றாள்.

"அளக்கவே இல்லையேக்கா!"

"நீயே அளடா."

அளந்தேன். கண்ணாடியின் மேல் விளிம்பு நூற்று இருபதில் நின்றது. ஒரு மயிரிழை கூட முன்னே பின்னே இல்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வயசுல தொண்ணூத்தி நாலு" என்றாள். "நாலு வயசுல நூத்தி ஒண்ணு. அஞ்சுல நூத்தி எட்டு. ஆறுல நூத்திப் பதினாலு. ஏழுல நூத்தி இருபது. அந்தத் தூணுலதான்டா அவளை நிக்க வச்சுக் கோடு போடுவேன், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும். கீழே சுவத்துல கிறுக்கினா அத்தானுக்குப் பிடிக்காது, அதான் இங்க. யாரும் அழிச்சிடக் கூடாதுன்னுதான் தூணை மூடச் சொன்னேன்."

 அந்த ஐந்து எண்களும் என் கையெழுத்தில் என் நோட்டில் இருந்தன. நான் எழுதினது குற்றப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போதும்க்கா, வா, கீழே போகலாம்."

அவள் எழுந்தாள். கீழே வரவில்லை. அடுத்தது புத்தகப் பலகை. டேப்பை வைத்தாள்.

"நூத்தி இருபத்தி ஆறு."

துணி ஸ்டாண்டு நூற்று முப்பத்திரண்டு. சுவர் விளக்கு நூற்று முப்பத்தெட்டு. ஃபேன் ஸ்விட்ச் நூற்று நாற்பத்து நாலு. அந்தப் பாதித் திரைக்கம்பி நூற்றைம்பது. துண்டுக் கம்பி நூற்று ஐம்பத்தைந்து, கடிகார ஆணி நூற்று ஐம்பத்தொன்பது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், எழுத்து புழுவாக நெளிந்தது. கடைசியில், படிக்குப் பக்கத்தில், பை மாட்டுகிற பித்தளைக் கொக்கி. நூற்று அறுபது. அறையை ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்திருந்தோம்.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"டேய்," என்றாள், "வளர்ந்திருக்காடா."

அந்த நேரம் பார்த்து முதல் பலகை 'டக்' என்றது. பிறகு அடுத்தது. நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை. சத்தம் எங்கள் பக்கத்தில் வந்து, எங்களைத் தாண்டி, சுவரோரமாகப் போய், கண்ணாடிக்குக் கீழே நின்றது. நேற்று நின்ற அதே இடம். அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் விடற நேரம்" என்றாள், மிகச் சாதாரணமாக. அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கீழே வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவள் உடைந்தாள்.

"நாளைக்கு அவன் வரான்டா. இதைப் பார்த்தா என்ன நினைப்பான்? நான் வேணும்னே கட்டினேன்னுதானே நினைப்பான்? அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னதை இப்ப மரத்துல ஆணி அடிச்சு மறுபடியும் சொல்ற மாதிரி ஆயிடும். அப்புறம் அவன் இந்த வாசலையே மிதிக்க மாட்டான்."

"அவனுக்கு அந்த அளவெல்லாம் எங்கேக்கா தெரியப் போகுது?"

"அவனும்தான்டா பக்கத்துல நின்னு பென்சில் எடுத்துக் குடுப்பான்."

 சாயங்கால வண்டியில்தானே வருகிறான், காலையில் தச்சர் வந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன். தைரியம் சொல்கிறவனுக்கு அன்றைக்குக் கழிப்பறைக்குத் தனியாகப் போகவே யோசனையாக இருந்தது.

அத்தான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டினேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தச்சர் வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும், காதில் பென்சில். மேலே கூட்டிப் போய் ஸ்விட்ச் போர்டைக் காட்டினேன்.

"இதை யார் இங்க அடிக்கச் சொன்னா?"

"கோடு சொல்லுச்சு சார்."

"என்னது?"

"கோடு இருந்தா அடிப்பேன். கேள்வி கேக்கறது என் பழக்கம் இல்ல." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மேஸ்திரி கையெழுத்து, நம்பர் போட்ட பதினைந்து வேலைகள். ஒன்று தரைப்பலகை, இரண்டு கூரை உள்பலகை, மூன்று ஸ்விட்ச் போர்டு, நான்கு தாழ்ப்பாள் என்று சுவரைச் சுற்றிப் போய், பதினைந்து பைக் கொக்கி.

"எங்க தொழில்ல உயரத்தை எல்லாம் முதல்ல ஒரு தூண்ல குறிச்சு வச்சிடுவாங்க சார். பின்னாடி வர்றவங்க அதைப் பார்த்துத்தான் அடிக்கணும். வேலை முடியற வரைக்கும் அந்த அளவுத் தூணை யாரும் தொடக் கூடாது. நான் வர்றப்ப மேஸ்திரி வேற வேலைக்குப் போயிட்டாரு. போனுல கேட்டேன், 'நடுத்தூணைத் தொடாதே'ன்னு சொன்னாரு. போய்ப் பார்த்தா பதிமூணு கோடு, பக்கத்துல நம்பர். மூணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும். ஒண்ணும் ரெண்டும் ஏற்கெனவே முடிஞ்சிருந்துச்சு. லிஸ்ட்டும் கோடும் அச்சு அசலா ஒத்துப் போச்சு. அப்புறம் எனக்கு என்ன சார் சந்தேகம் வரும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். வயசை வேலை நம்பராக எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு அறையையே கட்டி முடித்திருக்கிறார். அக்கா சொன்ன அந்த ஒரே வார்த்தையால் வந்த வினை.

"இந்தத் தரை சத்தம்?" என்றேன் மெதுவாக.

"அது மேஸ்திரி ஆளுங்க போட்ட தரை. பலகையை இழுத்து நெருக்கிட்டாங்க. மத்தியானம் ஓடு சூடேறினா விரியும். வெயில் நகர நகர ஒண்ணொண்ணா சத்தம் குடுக்கும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அக்கா அவரை விடவில்லை.

"பதிமூணு கோடா?" என்றாள். "நல்லா எண்ணினீங்களா? அஞ்சுதானே இருக்கணும்."

"பதிமூணும்மா."

"நான் அஞ்சுதான் போட்டேன்."

தச்சர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நாங்க யாரும் எழுதலைங்க" என்றார்.

"தூணைத் திறங்க."

திருகாணிகளைக் கழற்றிப் பலகையை இறக்கினார். பழைய மரம், இருட்டு நிறம். கீழே ஐந்து கோடு, பக்கத்தில் அக்காவின் உருண்டை எழுத்தில் மூன்று முதல் ஏழு வரை. அதற்கு மேலே எட்டு. ஒன்பது. பத்து. கோடுகள் நேராக, அழுத்தமாக ஏறிக்கொண்டே போயின. எழுத்து அக்காவுடையது இல்லை. சாய்ந்த எழுத்து, பள்ளிப் பிள்ளை எழுத்து. தச்சர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். பலகைக்கு விளக்கம் சொன்ன மனிதரிடம் இதற்கு விளக்கம் இல்லை.

அக்கா விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனாள். "யாருடி அம்மா உனக்குப் போட்டது?" என்று தூணிடம் கேட்டாள். 

"எட்டுலேர்ந்து பதிமூணு வரைக்கும் நான்தான்" என்றது ஒரு குரல்.

படியில் மருமகன் நின்றுகொண்டிருந்தான். சாயங்கால வண்டிக்குப் பதில் காலை வண்டியில் வந்துவிட்டான், தோளில் அந்தப் பையோடு. எங்கள் பேச்சில் அவன் ஏறி வந்தது கேட்கவில்லை. அவன் பார்வை தூணிலிருந்து ஸ்விட்சுக்கும், ஜன்னலுக்கும், கண்ணாடிக்கும் போயிற்று. கண்ணாடியில் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லலடா... நான் கட்டச் சொல்லல... அவரு கோட்டைப் பார்த்து..."

"அம்மா, இரு." அவன் தூணருகே வந்தான். "பக்கத்து வீட்டுப் பொண்ணு சுண்டு கிளாஸ்தானே? ஒவ்வொரு வருஷமும் சுண்டு பிறந்தநாளுக்கு அந்தப் பொண்ணை அவங்க வீட்டு கேட் பக்கத்துல நிக்க வச்சு அளப்பேன். விளையாட்டுன்னு சொல்லுவேன். அப்புறம் இங்க ஏறி வந்து கோடு போடுவேன். நான் கூட்டிட்டுப் போனதாலதானே அவ வளரல. நானே வளர்த்துடலாம்னு..." 

பதினேழு வருடம் தொண்டையில் கிடந்ததை அக்கா அப்போது சொன்னாள். அழகாகச் சொல்லவில்லை, குளறிக் குளறித்தான் சொன்னாள்.

"உன்னால இல்லடா. மழையால இல்ல. டாக்டர் மறுநாளே சொன்னாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கிட்ட நான் சொல்லல. நான் பாவிடா."

அவன் தூணில் முதுகைச் சாய்த்து நின்றான், அளக்க நிற்கும் பிள்ளையைப்போல. கண்ணை மூடிக்கொண்டான். அக்கா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எட்டாத தலை. எக்கி எக்கித் தடவினாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காதான் மேலே பார்த்தாள்.

"பதினாலும் பதினஞ்சும்?"

அவன் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தான். பதிமூன்றாம் கோட்டுக்கு மேல் இன்னும் இரண்டு. மெல்லிய கோடுகள். வேறு எழுத்து, சின்னச் சின்னதாக.

"நான் இல்லம்மா" என்றான். "நான்தான் போயிட்டேனே."

 தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போது படி முடிகிற இடத்தில் பலகை 'டக்' என்றது. மணி பத்துகூட ஆகவில்லை. வெயில் இன்னும் கூரைக்கு வரவே இல்லை. நாலு பேரும் திரும்பினோம்.

அத்தான். முட்டிவலிக்காரர், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அது ரெண்டும் நான்" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள்.

"இவன் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம், ஓடு ஒழுகுதுன்னு ஏறினேன். கோடு எல்லாம் பார்த்தேன். பதிமூணோட நின்னு போயிருந்துச்சு. மனசு கேக்கல." மூச்சு வாங்கினார். "பக்கத்து வீட்டுக்காரங்க அதுக்குள்ள காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அதனால ஆஸ்பத்திரியில நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். பதினாலுக்கு நூத்தி அம்பத்தொம்பது இருக்கும், பதினஞ்சுக்கு நூத்தி அறுபது இருக்கும்னாங்க. அதுக்கப்புறம் பொம்பளைப் பிள்ளைங்க உயர மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் நிறுத்திட்டேன்."

அவரிடமிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகளை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. நேற்று அவரைக் கல்லுளிமங்கன் என்று திட்டினதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா போய்த் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, அப்படியே தூணில் ஒட்டி, நகர்ந்து திரும்பிப் பார்த்தாள். பதினைந்தாம் கோடு அவள் கைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருந்தது.

"என்னைத் தாண்டிட்டா" என்றாள்.

தச்சருக்கு இதற்குமேல் தாங்கவில்லை. கேள்வியே கேட்காத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அம்மா, நான் இப்ப எதைக் கழட்டறது, எதை விடறது?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டாள். "எல்லாத்தையும் கழட்டுங்க. என் பிள்ளை இங்க குடியிருக்கப் போறான், மருமக வயித்துப் பிள்ளையோட வரப் போறா. நான் அளவு சொல்றேன், அதுப்படி அடிங்க. தரையையும் பிரிச்சுப் போடச் சொல்லுங்க உங்க மேஸ்திரியை." பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "தூணை மூட வேண்டாம்" என்றாள்.

தச்சர் திருப்புளியை எடுத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைக் கொக்கியிலிருந்து ஆரம்பிக்கப் போனார். மருமகன் அவரைத் தாண்டிக் கை நீட்டினான். தோளிலிருந்த பையைக் கழற்றினான். நூற்று அறுபது சென்டியில் இருந்த அந்தக் கொக்கியில் மாட்டினான்.

"இது சரியான உயரத்துலதான் இருக்கு" என்றான். "இதை விட்டுடுங்க."